தென்னந்தோப்புக்குப் பின்னால் விழுந்த வெளிச்சம்

கேள்வி: சாயங்காலம் ஏழு மணிக்கு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேற்கே பச்சை வெளிச்சம் ஒன்று பாய்ந்து, இரண்டாக உடைந்து, தென்னந்தோப்புக்குப் பின்னால் விழுந்தது. மூன்று நான்கு வினாடிதான். சத்தமே இல்லை. தோப்பில் போய்த் தேடலாமா? யாரிடம் சொல்வது?

பதில்: தேடப் போகாதீர்கள், தேங்காய்தான் கிடைக்கும். நீங்கள் பார்த்தது அநேகமாகப் பெரிய எரிகல். வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக எரிவதை 'ஃபயர்பால்' என்பார்கள். செயற்கைக்கோள் குப்பை என்றால் இவ்வளவு சீக்கிரம் முடியாது. மெதுவாக, துண்டு துண்டாக, ஒரு நிமிடம்கூட ஊர்ந்து போகும்.

தோப்புக்குப் பின்னால் என்று தோன்றுவது கண்ணின் ஏமாற்று. 60 கிலோமீட்டர் உயரத்தில் எரியும் கல், தொடுவானத்துக்கு மேல் 10 டிகிரியில் தெரிந்தால், அது உங்களிடமிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி இருக்கிறது. திருச்சியில் நின்று சென்னை வானத்தைப் பார்ப்பது மாதிரி. சத்தம் வராததும் அதனால்தான். பக்கத்தில் என்றாலும் உடனே கேட்காது; 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தால் சத்தம் இறங்கி வர ஒன்றரை நிமிடம் ஆகும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? அக்கம்பக்கத்தில் பேசுவதற்கு முன் எழுதி வையுங்கள். நாலு பேரிடம் கேட்டால் நம் ஞாபகம் மாறிவிடும். மறுபடி அதே இடத்தில் நின்று, வெளிச்சம் தோன்றிய திசையையும் மறைந்த திசையையும் போன் திசைகாட்டியில் பாருங்கள். இரும்புக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டிக் கம்பி பக்கம் வேண்டாம், முள் பிசகும். உயரத்துக்குக் கையை நீட்டி முஷ்டியை வையுங்கள்: ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. பிறகு சர்வதேச எரிகல் அமைப்பின் இணையப் படிவத்தில் பதியுங்கள், இலவசம்தான்.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? 1992 அக்டோபர் 9 வெள்ளிக்கிழமை மாலை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இப்படி ஒன்று பாய்ந்தது. பள்ளிக் கால்பந்துப் போட்டியைப் படமெடுக்க வந்தவர்களின் கேமராக்களில் அது பதிந்தது. நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் ஊரில், நிறுத்தியிருந்த காரின் பின்பக்கத்தை நசுக்கியது சுமார் 12 கிலோ கல். வெவ்வேறு ஊர்களில் எடுத்த அந்தப் படங்களை வைத்துத்தான் கல் சூரியனைச் சுற்றிவந்த பாதையையே கணக்கிட்டார்கள்.

அப்புறம், தெருவில் யார் வீட்டிலாவது மேற்குப் பார்த்த சிசிடிவி இருந்தால் இன்றே கேளுங்கள். சில நாட்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.