சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவ்: எதை வாங்குவது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களை பென் டிரைவில் ஏற்றி, கிருஷ்ணகிரியில் ஆல்பம் போடும் லேபுக்குக் கொண்டுபோவேன். 20 ஜிபி ஏற அரை மணி நேரம் ஆகிறது. டிரைவின் அட்டையிலோ 130 எம்பி வேகம் என்று போட்டிருக்கிறது. போதாக்குறைக்கு ஒரே வருடத்தில் இரண்டு டிரைவ் போய்விட்டன. வண்டிச் சாவியோடுதான் மாட்டியிருப்பேன். எதை வாங்கலாம்?

பதில்: நீங்கள் காப்பி போட்டு முடிப்பதற்குள் பஸ்ஸே கிருஷ்ணகிரிக்குப் போய்விடும் போலிருக்கிறது!

அட்டையில் இருக்கும் 130 பொய் இல்லை. ஆனால் அது டிரைவிலிருந்து படிக்கும் வேகம். நீங்கள் காத்துக் கிடப்பது எழுதும் வேகத்துக்காக. அதைப் பல கம்பெனிகள் அட்டையில் போடுவதே இல்லை. போடவில்லை என்றால் குறைச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 ஜிபிக்கு அரை மணி என்றால், உங்கள் டிரைவ் வினாடிக்கு 11 எம்பிதான் எழுதுகிறது.

காப்பி ஆகும்போது விண்டோஸ் காட்டும் பச்சை வரைபடத்தைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் உயரத்தில் ஓடும், அப்புறம் தொப்பூர் இறக்கம் மாதிரி சரிந்து அடியோடு ஊர்ந்துபோகும். கம்ப்யூட்டரின் மெமரியும், சில டிரைவ்களுக்குள் இருக்கும் சின்ன வேகப் பகுதியும் நிரம்பும்வரைதான் அந்த ஓட்டம். அதனால் ஒரு பாட்டை ஏற்றிப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரையும் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்களில் முன்பக்க போர்ட் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0. அதில் எவ்வளவு நல்ல டிரைவைச் செருகினாலும் 35 எம்பி வாக்கில் நின்றுவிடும். பின்பக்கம் நீல நாக்கு உள்ள போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள், பெரும்பாலும் அது வேகமான யுஎஸ்பி 3.0. யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயர் இருந்தாலும் சரக்கு ஒன்றுதான்.

உங்கள் வேலைக்கு, உள்ளே எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போலவே இயங்கும் டிரைவ்தான் சரி. சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோ படிக்க 420, எழுத 380 எம்பி வரை என்று இரண்டையுமே சொல்லி விற்கிறார்கள். 128 ஜிபி போதும். கிங்ஸ்டன் டேட்டாடிராவலர் மேக்ஸ் படிக்க 1000, எழுத 900 எம்பி வரை போகும், ஆனால் அதற்கு ஜென் 1-ஐவிட வேகமான யுஎஸ்பி 3.2 ஜென் 2 போர்ட் வேண்டும். ஸ்டூடியோவில் படங்கள் சாதாரண ஹார்ட் டிஸ்கில் இருந்தால் அதுவே 120, 150 எம்பிதான் கொடுக்கும். மேக்ஸுக்குக் கொடுக்கும் பணம் வீண். எக்ஸ்ட்ரீம் புரோவில் 20 ஜிபி மூன்று நிமிடத்துக்குப் பக்கத்தில் முடிந்துவிடும்.

டிரைவ் செத்துப்போவது பல நேரம் சிப்பால் இல்லை. யுஎஸ்பி முனை சர்க்யூட் பலகையோடு சேரும் இடத்தில் ஈயப்பற்று விரிசல் விடும். பேன்ட் பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு போட்டு வண்டியில் உட்கார்ந்து எழுந்தால் அந்த இடம்தான் வளையும். கிரானைட் பாலிஷ் பட்டறைப் பக்கம் போய் வருபவர்களின் டிரைவில், முனைக்குள் வெள்ளைத் தூள் அப்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிப்பும் முனையும் ஒரே வார்ப்பாக வரும் குட்டி டிரைவ்கள் தண்ணீர், தூசி, அடி எல்லாம் தாங்கும். ஆனால் அவற்றில் பல மெதுவாக எழுதும். கெட்டுப்போனால் டேட்டாவை மீட்பதும் கஷ்டம். சாவியோடுதான் மாட்டுவேன் என்றால் அது. வேகம் வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரீம் புரோ, அதுவும் ஜிப் வைத்த சின்ன பவுச்சில், சட்டைப் பையில்.

வீடியோவும் கொண்டுபோவீர்கள் என்றால் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 (FAT32) என்ற பழைய முறை என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது.

128 ஜிபி டிரைவ் கம்ப்யூட்டரில் 119 என்று காட்டினால் பதறாதீர்கள். 1000-ஆல் எண்ணுவதற்கும் 1024-ஆல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. போலி வேறு விஷயம். ஒரு தடவை மலிவு என்று 256 ஜிபி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அளவு சரியாகவே காட்டியது. ஏற்றிய ஃபைல்களில் பாதி திறக்கவில்லை. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். வாங்கிய அன்றே, பில் கையில் இருக்கும்போதே, அதை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.