கொழுப்பும் பிரஷரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 51. பிரஷருக்காக இரண்டு வருடமாக டெல்மிசார்டன் மாத்திரை சாப்பிடுகிறேன். “ஐந்து கிலோ குறையுங்கள், பிரஷர் இறங்கும்” என்கிறார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னால் புரிகிறது. வயிற்றுக் கொழுப்புக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன சம்பந்தம்? இந்த மாத்திரையே எடையையும் சர்க்கரையையும் குறைத்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாத்திரை எதைத் தடுக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ரத்த அழுத்தம் இறங்கினாலோ உடலில் உப்பு குறைந்தாலோ சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடும். 1898இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்கு ஏற்றியபோது அழுத்தம் உயர்ந்தது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெனின். அது ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்தை வெட்டும். வெட்டிய துண்டை இன்னொரு நொதி நறுக்கினால் ஆஞ்சியோடென்சின்-2 கிடைக்கும். இந்த ஹார்மோன் ரத்தக்குழாயை இறுக்குகிறது, ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கவைத்து உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. ஆஞ்சியோடென்சின்-2 போய் ஒட்ட வேண்டிய இடத்தை, அதாவது அதன் ஏற்பியை, டெல்மிசார்டன் முன்னாலேயே அடைத்துக்கொள்கிறது.

இதற்கெல்லாம் மூலமான ஆஞ்சியோடென்சினோஜென் பெரும்பாலும் கல்லீரலில் உண்டாகிறது. ஆனால் கொழுப்புத் திசுவும் அதைத் தயாரிக்கிறது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

2001இல் பிரான்சின் நீஸ் நகர ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆஞ்சியோடென்சினோஜென் அறவே இல்லாத எலிகளுக்கு அழுத்தம் தாழ்ந்தே இருக்கும். அந்த எலிகளில், கொழுப்புத் திசுவில் மட்டும் புரதம் உண்டாகும்படி மரபணுவைச் சேர்த்தார்கள். கொழுப்பில் உண்டான புரதம் ரத்தத்தில் கலந்தது, அழுத்தம் சாதாரண நிலைக்கு ஏறியது. அடுத்து, எந்தக் குறையும் இல்லாத எலிகளின் கொழுப்பில் அதை அதிகமாக்கினார்கள். அவற்றுக்கு உயர் ரத்த அழுத்தம் வந்தது, கொழுப்பும் பெருத்தது. கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்காக நினைத்துப் படித்தவன் நான். இதை வாசித்த அன்று அந்த நினைப்பு மாறிவிட்டது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? மாதவிடாய் நின்ற, பருமனான பெண்களிடம் செய்யப்பட்ட ஜெர்மன் ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. எடை 5 சதவீதம் குறைந்ததும் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சினோஜென் 27 சதவீதமும் ரெனின் 43 சதவீதமும் குறைந்தன. மேல் அழுத்தம் 7 புள்ளி இறங்கியது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் உங்கள் டாக்டர் சொல்லும் ஐந்து கிலோ ஏறக்குறைய இந்த அளவுதான் என்பதைக் கவனியுங்கள். பருமன் அழுத்தத்தை ஏற்றுவதற்கு வேறு வழிகளும் உண்டு. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் நரம்புகளைத் தூண்டும், சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு அதை அழுத்தும்.

அப்புறம் சர்க்கரை. ஆஞ்சியோடென்சின்-2 மிகும்போது செல்லுக்குள் இன்சுலின் சொல்வது சரியாகப் போய்ச் சேர்வதில்லை. புதிய சிறு கொழுப்புச் செல்கள் உருவாவதையும் அது தடுக்கிறது என்றும், இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிகிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. அப்படியானால் இந்த ஹார்மோனைத் தடுத்தால் சர்க்கரை நோய் வராது அல்லவா? 2000இல் ஹோப் ஆய்வில், இந்த ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கும் ராமிப்ரில் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் புதிதாகச் சர்க்கரை நோய் குறைவாகவே வந்தது, நம்பிக்கையும் பிறந்தது. அதையே குறியாக வைத்து நடத்திய ட்ரீம் ஆய்வு 2006இல் வந்தபோது, சர்க்கரை நோய் வருவது சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. 2010இல் நேவிகேட்டர் ஆய்வில், உங்கள் மாத்திரையின் வகையைச் சேர்ந்த வால்சார்டன் சாப்பிட்டவர்களில் 33.1 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 36.8 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. பலன் உண்டு, ஆனால் சிறியது.

டெல்மிசார்டன், பையோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை வேலை செய்யும் அதே ஏற்பியையும் ஓரளவு தூண்டும். நண்பர் கேள்விப்பட்டது இதுவாக இருக்கலாம். அதற்காக அதை எடை குறைக்கும் மாத்திரையாக நம்பாதீர்கள். உங்களுக்கு அது பிரஷர் மாத்திரை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

நடையைத் தொடங்குங்கள். எடை குறைந்த பிறகு எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நீங்களாக மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

அன்புடன்