கதவைத் தட்டவாவது விடுங்கள்

கேள்வி: 17 வயதில் கொலை செய்தவனுக்குக்கூடச் சட்டம் சலுகை காட்டுகிறது. ஆயுள் தண்டனை என்றால் சாகும் வரை என்று இருக்க வேண்டாமா? பரோல், முன்விடுதலை எல்லாம் எதற்கு? செத்தவன் திரும்பி வருவானா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வர மாட்டான். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இதைக் கேட்டால் தலைகுனிந்து நிற்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

ஆனால் ஆயுள் என்றால் சாகும் வரை என்பதுதான் இப்போதும் சட்டம். 14 வருடம் என்பது டீக்கடைக் கணக்கு. 1961-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொலை வழக்கில் 14 வருடம் உள்ளே கழித்த பிறகுதான் முன்விடுதலையை அரசு பரிசீலிக்கவே முடியும் (ஆளுநரின் மன்னிப்பு அதிகாரம் தனி). பரோல் விடுதலையே அல்ல, விடுப்பு. அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போக வேண்டும்.

சரி, 17 வயதுக்காரனுக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது நிரம்பியவன் கொடுங்குற்றம் செய்தால் பெரியவர்களைப் போலவே விசாரிக்க முடியும். ஆயுள் தண்டனையும் விதிக்கலாம். தூக்கும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுளும் மட்டும் கூடாது. 21 வயதில் குழந்தைகள் நீதிமன்றம் அவன் திருந்தியிருக்கிறானா என்று பார்க்கும். இல்லையென்றால், மிச்சத் தண்டனைக்குப் பெரியவர்கள் சிறை. இதில் சலுகை எங்கே?

அமெரிக்காவின் லூசியானாவில் ஹென்றி மான்ட்கோமரி 1963-ல் ஒரு காவல் அதிகாரியைச் சுட்டுக் கொன்றபோது வயது 17. பரோலே இல்லாத ஆயுள் விதித்தார்கள் (அங்கே பரோல் என்றால் விடுப்பு அல்ல, நிபந்தனையோடு விடுதலை). 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு அப்படிக் கட்டாயமாக விதிப்பது செல்லாது என்று 2012-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. பழைய கைதிகளுக்கும் அது பொருந்தும் என்ற 2016 தீர்ப்பு அவர் வழக்கில்தான் வந்தது. அப்புறமும் பரோல் வாரியம் இரண்டு தடவை மறுத்தது. அவர் வெளியே வந்தது 2021-ல், 75 வயதில்.

கோவை நஞ்சப்பா சாலையில் சிறைத்துறையின் பெட்ரோல் பங்க்கில் கைதிகள்தான் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் அங்கே வண்டிக்குப் பெட்ரோல் போட்டேன். மீசை நரைத்த ஒருவர் மீதிப் பணத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். பேச்சுக் கொடுத்தேன். "உள்ள வந்தப்ப பத்தொம்பது வயசுங்க. இப்ப நாப்பத்திரண்டுங்க" என்றார். "அம்மா தவறினப்ப விட்டாங்க. சுடுகாட்டுல ஊர்க்காரங்க யாரும் பக்கத்துல வர்லீங்க."

முன்விடுதலை மனு என்றால் நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரிப்பார். "அவன் வந்தா ஊருக்குள்ள பிரச்சினை" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதும் அந்த அறிக்கையில் ஏறும். செத்தவர் வீட்டார் அப்படிச் சொன்னால் அது அவர்கள் உரிமை. உங்கள் திண்ணைக்கு வந்து கேட்டால், 17 வயதில் அவன் செய்ததைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது சிறையில் சந்திக்க மனுப் போட்டு அவனை நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.