வேண்டாமென்று விடப்பட்ட கூண்டுப் பறவைகள்: கேள்வி பதில்

பிறர் வளர்க்க இயலாமல் ஒப்படைத்த கிளிகளையும், காக்கட்டீல் எனப்படும் கொண்டையுள்ள சிறு கிளிகளையும் பல ஆண்டுகளாக ஏற்று, தேற்றி, வேறு வீடுகளில் சேர்த்து வருபவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகளை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கிளியைக் கவனிக்க இப்போது நேரம் இல்லை. கூண்டில் வாடுவதைவிட வெளியே பறக்கவிடுவது புண்ணியம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். விடலாமா?

விடக் கூடாது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பறவைக்கு நெடுந்தூரம் பறக்கும் தசைவலு இருக்காது. இரை தேடவும் தெரியாது, பருந்தின் நிழலைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. அப்படி விடப்படும் பறவைகளில் பெரும்பாலானவை சில நாட்களுக்குள் பசியாலோ பிற விலங்குகளாலோ மடிகின்றன. தப்பிப் பிழைத்துப் பெருகினாலோ வேறொரு சிக்கல் எழுகிறது. லண்டனில் இன்று கூட்டம் கூட்டமாகப் பறக்கும் செந்தார்ப் பைங்கிளிகள் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. கூண்டிலிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகியவற்றின் வழிவந்தவை. மரப்பொந்துகளுக்காக அவை உள்ளூர்ப் பறவைகளோடு போட்டியிடுகின்றன. நேரமில்லை என்பது வெட்கப்பட வேண்டிய காரணமும் அல்ல. வேறு வீடு தேடும் வரை இன்னும் சில வாரங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கேள்வி: எங்கள் ஜன்னலில் ஒரு காக்கட்டீல் வந்து அமர்ந்தது, பிடித்துவிட்டோம். யாரும் தேடி வரவில்லை. நாங்களே வைத்துக்கொள்ளலாமா?

முதலில் அதை ஒரு சிறிய கூண்டிலோ காற்றோட்டமுள்ள பெட்டியிலோ வைத்து, சந்தடியில்லாத, வெதுவெதுப்பான அறையில் தண்ணீரும் தினையும் கொடுங்கள். பிறகு காலைப் பாருங்கள். மூடிய வளையம் இருந்தால், அது குஞ்சாக இருந்தபோதே வளர்ப்பாளர் மாட்டியது. வளர்ந்த காலில் அத்தகைய வளையத்தை நுழைக்க முடியாது. அக்கம்பக்கத்திலும் அருகிலுள்ள கால்நடை மருத்துவர்களிடமும் தகவல் சொல்லுங்கள். ஆனால் வளைய எண்ணையும் தனி அடையாளங்களையும் அறிவிப்பில் எழுதாதீர்கள்; உரிமை கோரி வருபவர் அவற்றைத் தம் வாயால் சொல்ல வேண்டும். சில வாரங்கள் உண்மையாகத் தேடியும் யாரும் வராவிட்டால், அதன்பின் உங்கள் விருப்பம்.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே நான்கு பறவைகள் உள்ளன. ஒருவர் தம் கிளியைத் தர முன்வந்துள்ளார். கூண்டை இன்றே பக்கத்தில் வைக்கலாமா?

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. புதிதாக வரும் பறவை குறைந்தது 30 நாட்கள், முடிந்தால் 45 நாட்கள், வேறு அறையில் இருக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு மூலைகளில் கூண்டுகளை வைப்பது தனிமைப்படுத்தல் ஆகாது. ஏனெனில் இறகுத் தூசியும் உலர்ந்த எச்சமும் காற்றில் பறக்கும். உங்கள் பறவைகளுக்கு முதலில் உணவிட்டு, புதியதைக் கடைசியாகக் கவனித்து, கைகளைக் கழுவிய பின்பே திரும்பி வாருங்கள்.

அஞ்ச வேண்டியவை குறிப்பாக இரண்டு. முதலாவது கிளிக்காய்ச்சல். அதை உண்டாக்கும் பாக்டீரியா, நோய்க்குறி எதுவும் காட்டாத பறவையின் உடலிலும் தங்கியிருக்கும். மனிதருக்கும் தொற்றி, காய்ச்சல், இருமல், நிமோனியா வரை கொண்டுபோகும். மருந்தால் குணப்படுத்தலாம் என்பது ஆறுதல். புதுப் பறவை வந்தபின் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார். இரண்டாவது, அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் நோய். அதற்கு மருந்து இல்லை, பரிசோதனை மட்டுமே உண்டு. ஆகவே பறவை மருத்துவம் அறிந்த ஒருவரிடம் பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டு அறைகளும் இரண்டாகவே இருக்கட்டும்.

இன்னொன்று: கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, நாள்தோறும் காலையில் உணவிடுவதற்கு முன் எடையைக் குறித்து வையுங்கள். பறவை தன் நோயைக் கடைசி வரை மறைக்கும், எடை மறைக்காது. 90 கிராம் இருந்த காக்கட்டீல் 80 கிராமுக்கு வந்துவிட்டால், துறுதுறுவென்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் எடுத்துவந்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மார்பு முழுவதும் இறகைப் பிடுங்கிக்கொண்டு கோழிக்குஞ்சு போல நிற்கிறது. அன்பு காட்டினால் சரியாகிவிடுமா?

தலையில் இறகு இருக்கிறதா? அதைத்தான் நான் முதலில் கேட்பேன். தன் அலகு தன் தலையை எட்டாது. ஆகவே தலை மட்டும் முழுமையாக இருந்து மற்ற இடங்கள் வெறுமையாக இருந்தால், பறவை தானே பிடுங்குகிறது. தலையும் வெறுமை என்றால் நோயையோ உடனிருந்த வேறு பறவையையோ சந்தேகிக்க வேண்டும்.

தானே பிடுங்குவதற்கும் ஒரே காரணம் இல்லை. தோல் தொற்று, கல்லீரல் கோளாறு, வெறும் விதைகளைத் தின்று வளர்ந்ததால் வந்த வைட்டமின் குறைபாடு, வறண்ட காற்று, போதாத தூக்கம், தனிமை எனப் பலவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மருத்துவப் பரிசோதனையில் உடற்காரணங்களை விலக்கிய பிறகே மனக்காரணத்துக்கு வர வேண்டும். பலர் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். அதன்பின் இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் கொடுங்கள், அடிக்கடி குளிக்க வையுங்கள், கடித்துக் கிழிக்க மரக்கட்டை, அட்டை, ஓலை போன்றவற்றைக் கொடுங்கள். காட்டில் ஒரு கிளி பகலின் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே செலவிடுகிறது. கிண்ணத்தில் கொட்டிய உணவைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டால், மீதிப் பொழுதுக்கு அதற்குக் கிடைக்கும் ஒரே வேலை தன் இறகுதான். ஆகவே உணவைத் தாளில் சுற்றி ஒளித்து வையுங்கள். பல ஆண்டுகள் பிடுங்கிய இடத்தில் இறகின் வேர்க்குழி கெட்டுப்போயிருந்தால் மறுபடி முளைக்காது. வழுக்கை மார்போடு நிறைவாக வாழும் கிளிகள் என்னிடமே இருந்திருக்கின்றன.

அது பிடுங்கும்போது ஓடிப்போய் அதட்டாதீர்கள். அதட்டலும் அதற்கு ஒரு கவனிப்புதான்.

கேள்வி: சூரியகாந்தி விதை தவிர வேறெதையும் தொடுவதில்லை. பட்டினி போட்டால் பழகுமா?

பட்டினி போடாதீர்கள், சிறிய பறவை ஓரிரு நாட்களிலேயே இறந்துவிடக்கூடும். பழைய உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நறுக்கிய கீரை, காரட், பறவைகளுக்கான உருண்டைத் தீவனம் ஆகியவற்றைக் காலையில் நல்ல பசி நேரத்தில் முன்வையுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். நீங்கள் அதன் எதிரில் அதையே தின்று காட்டுவது வேடிக்கையாகத் தோன்றினாலும் பலன் தரும். அவகாடோவும் சாக்லெட்டும் நஞ்சு, தரவே கூடாது.

கேள்வி: தத்தெடுத்த கிளி என் கணவரிடம் கொஞ்சுகிறது, என்னைக் கடிக்கிறது. பெண்களை வெறுக்கும் கிளி என்று முந்தைய உரிமையாளர் சொல்லியிருந்தார்.

அப்படி ஒரு கிளி இல்லை, அம்மா. கடிப்பதற்கு முன் கிளி பலமுறை எச்சரிக்கிறது: கண்மணி சுருங்கி விரியும், வால் விசிறியாக விரியும், பிடரி சிலிர்க்கும், உடல் பின்னே சாயும். இவற்றைக் கவனியாமல் கையை நீட்டியவர்களிடம்தான், கடித்தால் மட்டுமே கை விலகும் என்று அது கற்றிருக்கும். சில நாட்கள் தொடாமல், கூண்டருகில் அமர்ந்து பேசுங்கள். அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டம் உங்கள் கையிலிருந்து மட்டும் கிடைக்கட்டும். உங்கள் கணவர் அதன் முதுகையும் இறக்கைக்குக் கீழேயும் தடவுவதை நிறுத்த வேண்டும். கிளி அவரை இணையாக எண்ணிக்கொள்ள அது ஒரு காரணம். தலையை மட்டும் வருடலாம்.

கேள்வி: ஜோடியாக உள்ள லவ் பேர்ட்ஸில் ஒன்றை மட்டும் தரலாமா?

வேண்டாம். சேர்த்தே கொடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 68. ஒரு பஞ்சவர்ணக்கிளியைத் தத்தெடுக்க ஆசை. தவறா?

ஆசை தவறில்லை, கணக்குத்தான் இடிக்கிறது. பெரிய பஞ்சவர்ணக்கிளிகள் 50 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியவை. தங்களுக்குப் பின் அதை ஏற்பவர் யார் என்று எழுதி வைத்து, அவரையும் இப்போதே கிளியோடு பழக வைக்க முடியுமானால் செய்யுங்கள். இல்லையெனில், வயதான காக்கட்டீல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவை 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பத்து வயதைக் கடந்தவற்றைக் கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: தகுந்த வீடு என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? கொடுத்தபின் போய்ப் பார்க்கலாமா?

இலவசம் என்று அறிவிப்பதில்லை. சிறு தொகையாவது கேட்பேன், ஏனெனில் இலவசமாக வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். வருபவரைக் குறைந்தது மூன்று முறை வரச் சொல்வேன். முதல் நாளில் அழகாகத் தெரியும் கிளி மூன்றாம் நாளில் காதருகே கத்தும். அதன் பிறகும் வருகிறாரா என்று பார்ப்பேன். வீட்டில் நான்ஸ்டிக் பாத்திரம் உண்டா என்றும் கேட்பேன். அளவு மீறிச் சூடானால் அதன் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். சாம்பல் கிளி என்றால் ஆவணங்களையும் கொடுத்தனுப்ப வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் 2016-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி அது மிகக் கடுமையான வணிகக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட இனம்.

கொடுக்கும்போது குறைகளை ஒளிக்காதீர்கள். கடிக்கும், விடியற்காலையில் கத்தும், துடைப்பத்தைக் கண்டால் மிரளும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அது அறிந்த சொற்களையும் எழுதுங்கள். புது வீட்டில் அந்தச் சொற்கள்தான் அதற்குப் பழக்கமானவை. பார்க்கப் போவதை முதல் சில வாரங்கள் தவிர்த்து, புதியவரோடு அது ஒன்றிய பின் அவர் அழைத்தால் போங்கள். கிளி உங்களைக் கண்டதும் தோளுக்குத் தாவலாம், திரும்பியே பாராமலும் இருக்கலாம். இரண்டாவது நடந்தால் வருந்துவீர்கள் என்று தெரியும். நானும் வருந்தியிருக்கிறேன், வீடு திரும்பியதும் அந்தக் கிளியின் பெயருக்கு எதிரே ‘நன்று’ என்று குறித்தும் வைத்திருக்கிறேன்.