தட்டு இலவசம், மெட்டு இலவசமல்ல

கேள்வி: பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவர் காலமானபின் அவருடைய இசைத்தட்டுகளை அவர் மகள் எங்களுக்குக் கொடுத்தார். டிராம்போன் கற்கும் என் மகன் அதில் பிரிட்டிஷ் ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டெட் ஹீத்தின் தட்டு இரண்டை ஓயாமல் கேட்கிறான். ஒன்று 1950களில் வந்தது, அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஃபேட்ஸ் வாலரின் மெட்டுகள். மற்றது 1964இல் எட்மண்டோ ராஸ் குழுவோடு சேர்ந்து வாசித்தது. இரண்டிலிருந்தும் எடுத்து 50 சிடி போட்டு, பள்ளி இசைக்குழு நிதிக்கு விற்கலாமா? “எல்லா உரிமையும் வாங்கித் தருகிறேன், 400 பவுண்டு” என்கிறார் ஓர் ஏஜென்ட். “1963க்கு முந்தியதெல்லாம் இலவசம்” என்கிறார் நண்பர். யாரை நம்புவது?
– ஒரு வாசகி, கிராய்டன்

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம். ஏஜென்ட்டுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லையென்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஒரு தட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. ஹீத் குழு வாசித்ததன் ஒலிப்பதிவு ஒன்று, அவர்கள் வாசித்த மெட்டு இன்னொன்று. உங்கள் நண்பர் சொல்வது ஒலிப்பதிவுக்கு மட்டும் பொருந்தும். பிரிட்டனில் 1962 முடிவதற்குள் வெளியான பதிவுகளின் உரிமை தீர்ந்துவிட்டது. 2013இல் 50 ஆண்டு 70 ஆண்டாக நீண்டபோது, ஏற்கெனவே தீர்ந்தவற்றுக்கு அது உயிர் கொடுக்கவில்லை. ஆகவே வாலர் தட்டின் பதிவை எடுக்கலாம். 1964 தட்டைத் தொடாதீர்கள். அது 2034 கடைசி வரை நிறுவனத்தின் சொத்து.

தட்டின் நடு லேபிளைக் கையில் எடுத்து விளிம்பைப் படியுங்கள். 1957க்குப் பின் வந்த பிரிட்டிஷ் தட்டுகள் பலவற்றில் முதலில் வெளியான ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும். வட்டத்துக்குள் ஆங்கிலப் ‘பி’ எழுத்து இருந்தால் அது 1960களிலோ பிறகோ அச்சான பிரதி; 1950களின் பதிவென்றால் மறுபதிப்பு. மறுபதிப்பு என்பதால் புது உரிமை பிறக்காது. பழைய பதிவை அப்படியே நகலெடுத்துவிட்டு “எங்கள் உரிமை” என்று மிரட்டுகிறவர்களிடம் எத்தனையோ பேர் பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இனி மெட்டு. எல்லோரும் இடறி விழுவது இங்கேதான். உதாரணத்துக்கு, ‘ஹனிசக்கிள் ரோஸ்’ வாலரின் மெட்டு. அவர் 1943 டிசம்பரில் இறந்தார். இறந்தபின் 70 ஆண்டு என்று கணக்குப் போட்டால் 2013 டிசம்பர் 31உடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாட்டும் மெட்டும் ஒன்றுக்காக ஒன்று எழுதப்பட்டிருந்தால், இருவரில் கடைசியாக இறந்தவரிலிருந்துதான் எண்ண வேண்டும் என்ற விதி 2013 நவம்பர் 1இல் வந்தது. வரிகளை எழுதிய ஆண்டி ரஸாஃப் 1973இல் இறந்தார். ஆகவே உரிமை 2043 கடைசி வரை. ஹீத் குழு ஒரு வரிகூடப் பாடாமல் வெறும் வாத்தியத்தில் வாசித்திருந்தாலும் இதே கணக்குத்தான். இரண்டே மாத வித்தியாசத்தில் முப்பது ஆண்டு கூடிவிட்டது. “வாலர் இறந்து எண்பது வருஷமாச்சே” என்று யார் சொன்னாலும் ரஸாஃப் இறந்த ஆண்டைக் கேளுங்கள்.

அதே மெட்டு அமெரிக்காவில் 2025 முதல் இலவசம். அதை இணையத்தில் படித்துவிட்டு இங்கே சிடி போடுகிறார்கள்! ஒலிப்பதிவு விஷயம் அங்கே தலைகீழ்: 1947 முதல் 1956 வரை வெளியான தட்டுக்கு 110 ஆண்டு. இங்கே தட்டு இலவசம், மெட்டு இல்லை. அங்கே மெட்டு இலவசம், தட்டு இல்லை. யூடியூபில் ஏற்றும் எண்ணம் வந்தால் இதை மறக்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. சிடி அடிப்பதற்கு முன், மெட்டைத் தட்டில் நகலெடுக்க அனுமதிக்கும் எம்.சி.பி.எஸ். உரிமம் எடுங்கள். இசை உரிமை அமைப்பான ‘பி.ஆர்.எஸ். ஃபார் மியூசிக்’ வழியாக நீங்களே விண்ணப்பிக்கலாம். மெட்டின் பெயர், எழுதியவர்கள், நிமிடம், எத்தனை பிரதி, இவ்வளவுதான் கேட்பார்கள். இதற்கு நடுவில் ஆள் எதற்கு? அந்த ஏஜென்ட்டிடம் “பதிவின் உரிமையா, மெட்டின் உரிமையா, யாரிடமிருந்து வாங்குகிறீர்கள்?” என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

பள்ளி நிதிக்குத்தானே என்று கட்டணத்தை விட்டுவிடாதீர்கள். டிராம்போன் கலைஞராக அடுத்தவர் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த ஹீத், மனைவி மொய்ராவோடு சேர்ந்து எழுதிய ‘தட் லவ்லி வீக்கெண்ட்’ பாட்டின் ராயல்டியையும் முதலாக வைத்துத்தான் சொந்தக் குழு தொடங்கினார். அப்படி வந்த காசில்தான் உங்கள் மகன் கேட்கும் தட்டு பிறந்தது.

சட்டத்தின் மேல் எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். சொந்தத் தட்டைச் சொந்தக் காதுக்காக நகலெடுக்க 2014 அக்டோபரில் அனுமதித்தார்கள். 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. அதன்பின் எந்த அரசும் அதைச் சரிசெய்யவில்லை. உங்கள் மகன் அந்த 1964 தட்டைப் போனில் ஏற்றிப் பேருந்தில் கேட்டால் ஏட்டின்படி அது தவறு. அதற்காக யாரும் வீட்டுக் கதவைத் தட்டி நான் பார்த்ததில்லை. அவன் கேட்கட்டும். சிடியில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.