வெற்றிக்காக ஊரை எரிப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரில், 1945இல், அமெரிக்கா டோக்கியோ மீது நடத்திய குண்டுவீச்சைப் போர்க்குற்றம் என்றே எழுதிவிட்டீர்கள். ஏற்க முடியவில்லை. அந்த ஊர் வீடுகளுக்குள்ளேயே ஆயுத உதிரிபாகங்கள் செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்கா தரைவழியாகப் படையெடுத்திருந்தால் இரு பக்கமும் லட்சக்கணக்கில் செத்திருப்பார்கள். கொலைகாரனிடம் தர்மம் பேசிக்கொண்டிருக்க முடியுமா? இன்று பத்திரமாக உட்கார்ந்து தீர்ப்பு சொல்வது சுலபம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சுலபம்தான். ஆனால் போர் நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டவர்களும் உண்டு. சிசெஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல் 1944 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் எழுந்து, ஜெர்மன் நகரங்களை மொத்தமாக அழிப்பது எப்படி நியாயமாகும் என்று கேட்டார். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் பாதிரிமாருக்கு ஆரம்பத்திலிருந்தே துணை நின்றவர் அவர். நாஜிகளுக்குப் பரிந்து பேசினார் என்று சொல்ல முடியாது.

வீட்டுப் பட்டறைகள் இருந்தது உண்மை. குறி அவைதானா என்பதுதான் கேள்வி. அமெரிக்க ராணுவம் 1943இல் யூட்டா பாலைவனத்தில், டக்வே என்ற இடத்தில், ஜெர்மன் வீடுகளையும் ஜப்பானிய வீடுகளையும் அச்சு அசலாகக் கட்டியது. ஜப்பானிய வீடுகளை வடிவமைத்தவர் ஆன்டோனின் ரேமண்ட். ஜப்பானில் பல வருடம் வேலை பார்த்த கட்டடக்கலைஞர். தரையில் தத்தாமி பாய் விரித்திருந்தார்கள். ஜெர்மன் வீடுகளில் கட்டில், மெத்தை, திரைச்சீலை எல்லாம் உண்டு. குண்டு போடுவது, எரிகிற விதத்தைக் குறித்துக்கொள்வது, அணைத்துவிட்டு மறுபடி கட்டுவது. கூரையைத் துளைத்து உள்ளே போய், அணைக்க முடியாத தீயைச் சீக்கிரம் மூட்டுவது எந்தக் குண்டு என்று பார்த்தார்கள். அதில் தேறிய எம்-69 என்ற தீக்குண்டுதான் 1945 மார்ச் 9 இரவு டோக்கியோவில் கொட்டப்பட்டது. விடிவதற்குள் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். பட்டறைதான் குறி என்றால் படுக்கையறையை எதற்குப் பரிசோதிக்க வேண்டும்?

தொழிற்சாலையை அடிக்கும்போது பக்கத்துத் தெருவில் ஆட்கள் சாவது ஒன்று. ஆட்கள் சாவதையே ஆயுதமாக வைத்துக்கொள்வது வேறு. அன்றைக்கு இதைத் தெளிவாகத் தடை செய்த வான்போர் ஒப்பந்தம் கிடையாது, போர் விதிகளைச் சொல்லும் ஜெனிவா ஒப்பந்தங்களுக்கு 1977இன் கூடுதல் நெறிமுறை வந்த பிறகுதான் அது எழுத்தில் ஏறியது. அதனால் சட்டப்படி வாதாட இடம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நான் பேசுவது அறத்தை.

மக்கள் மனம் உடைந்தால் போர் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை லண்டனிலும் பலிக்கவில்லை, பெர்லினிலும் பலிக்கவில்லை. அத்தனை குண்டுவீச்சுக்கு நடுவிலும் ஜெர்மனியின் விமான உற்பத்தி உச்சத்தைத் தொட்டதே 1944இல்தான்.

அப்புறம் அந்த லட்சக்கணக்கு. எரிப்பது அல்லது படையெடுப்பது, இரண்டே வழி என்று எடுத்துக்கொள்கிறீர்கள். நிபந்தனையற்ற சரண் என்ற நேச நாடுகளின் கோரிக்கையால்தான் வழி இரண்டாகக் குறுகியது. 1945 கோடையில் ஜப்பான் சோவியத் யூனியன் மூலம் தூது விட்டுப் பார்த்தது. அவர்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை பேரரசரின் நிலை. கடைசியில் அவரைப் பதவியில் விட்டுத்தான் வைத்தார்கள். முன்பே அப்படிச் சொல்லியிருந்தால் டோக்கியோவின் தளபதிகள் இறங்கி வந்திருப்பார்களா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லிப் பார்க்காமலே வேறு வழியில்லை என்பது எந்த ஊர் கணக்கு?

உங்கள் தரப்பின் பலமான வாதத்தை நீங்கள் சொல்லவே இல்லை. ஜப்பானியப் பிடியில் இருந்த சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மாதாமாதம் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். போர் நீண்டால் அவர்கள் கதி என்ன? இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் ‘சீக்கிரம் முடிக்கத்தான் எரிக்கிறேன்’ என்பதை எதிரியும் சொல்லலாம். அவனை எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்?

இன்னொன்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்த பிறகு, 1945 மார்ச் 28 அன்று, சர்ச்சில் தன் தளபதிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். வேறு சாக்குச் சொல்லிக்கொண்டு, பீதியைக் கூட்டுவதற்காகவே ஜெர்மன் நகரங்களைக் குண்டுவீசி அழிப்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அதில் இருந்தது. விமானப்படைத் தலைமை கொதித்துப்போனது. சர்ச்சில் குறிப்பைத் திரும்பப் பெற்று, நாலு நாளில் வேறொன்று எழுதினார். அதில் பீதியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஊர்கள் முழுக்க இடிந்துபோனால் நாளைக்கு நமக்கும் நம் கூட்டாளிகளுக்கும் தங்க இடம் கிடைக்காதே என்ற கவலை மட்டும் இருந்தது.