50 டெசிபல் ஸ்டிக்கரை நம்பி இயர்பட்ஸ் வாங்கலாமா?

கேள்வி: வேலைக்குப் போக ஒரு மணி நேரம், திரும்பி வர ஒரு மணி நேரம். பாதி தூரம் பேருந்து, பாதி தூரம் ரயில். வாரத்தில் ஆறு நாளும் இதுதான். ‘50 டெசிபல் நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று பெட்டியில் போட்டிருந்ததைப் பார்த்து, குறைந்த விலையில் ஒரு இயர்பட்ஸ் வாங்கினேன். வண்டிச் சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. வால்யூமை முழுசாக ஏற்றிவிடுகிறேன். இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் காதுக்குள் ‘ஙொய்’ என்கிறது. நடுத்தர விலையில் வேறு ஒன்று வாங்கினால் சரியாகுமா? பெட்டியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: அந்த ‘ஙொய்’ சத்தத்திலிருந்து தொடங்குவோம். உட்செவியில் ஒலியை உணரும் மெல்லிய மயிரணுக்கள் இருக்கின்றன. அளவுக்கு மீறிய சத்தம் அவற்றைத் தாக்கியிருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. இந்த அணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். 83 டெசிபலில் 20 மணி நேரம், 86 டெசிபலில் 10 மணி நேரம். உங்கள் பயணமோ வாரத்துக்கு 12 மணி நேரம். ஓடும் வண்டியின் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றினால் 86-ஐத் தாண்டுவது மிகச் சுலபம். ஆகவே நீங்கள் வாங்கப்போகும் கருவிக்கு ஒரே வேலைதான்: வெளிச்சத்தத்தை உள்ளே விடாமல் தடுத்து, குறைந்த வால்யூமிலேயே பாட்டைக் கேட்க வைப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்வது மின்னணுச் சில்லு இல்லை, முனையில் மாட்டியிருக்கும் சிறிய ரப்பர் குமிழ். சிலிக்கான் டிப் என்று கடையில் சொல்வார்கள். அது காதுத் துளையை முழுசாக அடைக்க வேண்டும். ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு ஒரு விரற்கடை இடுக்கு விட்டால் தெருச் சத்தம் அத்தனையும் உள்ளே வருமே, டிப் சரியாக அமையாவிட்டாலும் அதேதான். உள்ளே இருக்கிற பேஸ், அதாவது பாட்டின் கனத்த அடியொலி, அந்த வழியாக வெளியேறிவிடும், வண்டியின் உறுமல் உள்ளே வந்துவிடும். பேஸ் போனதும் பாட்டு சன்னமாகத் தோன்றும். கை தானாக வால்யூமுக்குப் போகும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போதே சோதித்துப் பாருங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டு, இரண்டு பட்ஸையும் விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பேஸ் கூடினால் டிப் உங்கள் காதுக்குச் சிறியது. பெட்டியில் மூன்று அளவுகளில் டிப் வந்திருக்கும். பலரும் நடு அளவை மாட்டிக்கொண்டு மற்றவற்றைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு நடு அளவும் இன்னொன்றுக்குப் பெரியதும் மாட்டுவதில் தவறே இல்லை. மாட்டும்போது மறு கையால் காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பட்ஸை லேசாகத் திருகி உள்ளே விடுங்கள். எந்த அளவும் பொருந்தாவிட்டால் மெமரி ஃபோம் டிப் தனியாகக் கிடைக்கும். விரலால் நசுக்கி உள்ளே வைத்தால் காதுக்குள் விரிந்து அடைத்துக்கொள்ளும். சில மாதங்களில் தேய்ந்துபோகும், மாற்ற வேண்டும். ஆனால் புதுக் கருவி வாங்குவதைவிட மிகவும் மலிவு. வாங்கும் முன் அதன் துளை உங்கள் பட்ஸின் மூக்குக்குப் பொருந்துமா, சார்ஜிங் கேஸ் மூடுமா என்று பாருங்கள்.

இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால் அப்போது ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன், சுருக்கமாக ஏ.என்.சி. வெளியே உள்ள மைக் சத்தத்தைக் கேட்கிறது; கருவி அதற்கு நேர்எதிரான அலையை உண்டாக்குகிறது; இரண்டும் மோதி அடங்குகின்றன. போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978-இல் ஒரு விமானப் பயணத்தின்போதுதான் இதை ஹெட்ஃபோனில் கொண்டுவர முனைந்தார். விமானத்தின் இரைச்சல் ஏற்ற இறக்கம் இல்லாமல் தொடர்ந்து வரும் கனத்த ஒலி. ஏ.என்.சி.க்கு இன்றைக்கும் எளிதில் அடங்குவது அந்த மாதிரி ஒலிதான். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு முறை அதிரும் உறுமலின் அலை மூன்று மீட்டருக்கு மேல் நீளம். அதற்கு எதிரலை உண்டாக்கக் கருவிக்கு அவகாசம் இருக்கிறது. 5,000 ஹெர்ட்ஸ் கிறீச்சொலியின் அலை ஏழு சென்டிமீட்டர்தான். அதைப் பிடிக்க முடியாது. எஞ்சின் உறுமலையும் தண்டவாள அதிர்வையும் ஏ.என்.சி. பார்த்துக்கொள்ளும். பிரேக்கின் கிறீச், ஹாரன், பக்கத்து இருக்கைப் பேச்சு இவற்றையெல்லாம் டிப் தான் தடுக்க வேண்டும்.

இனி அந்த ஸ்டிக்கர். ‘50 டெசிபல் வரை’ என்பதில் ‘வரை’ என்ற சொல் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஆய்வுக்கூடத்தில் ஏதோ ஒரு குறுகிய அலைவரிசையில் கிடைத்த உச்ச எண் அது. எந்த ஹெர்ட்ஸில் அளந்தார்கள், டிப்பின் தடுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்பதெல்லாம் பெட்டியில் இருப்பதில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட வைக்க முடிகிறது. காதுக்குள் வைக்கும் கருவியில் இந்த எண் எப்படி வந்தது என்று ஒரு வரி போட வைக்க முடியவில்லை. பல வருடங்களாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு கருவிகளின் டெசிபல் எண்ணைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள், அது வீண்.

இதைவிட மோசமான பொறி ஈ.என்.சி., அதாவது என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன். பெட்டியில் கொட்டை எழுத்தில் ஈ.என்.சி. என்று இருப்பதைப் பார்த்து ஏ.என்.சி. என்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளம். ஈ.என்.சி. வேலை செய்வது உங்கள் மைக்கில். நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு வண்டிச் சத்தம் குறைவாகக் கேட்கும். உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கடைக்காரரிடம் ‘நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு சார்’ என்பார். ‘ஏ.என்.சி.யா, ஈ.என்.சி.யா?’ என்று கேளுங்கள். பதிலுக்குத் தடுமாறினால் வெளியே வந்துவிடுங்கள்.

டிரைவர் (பட்ஸுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர்) இத்தனை மில்லிமீட்டர், இன்ன கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) என்பதற்கெல்லாம் ஓடும் வண்டியில் கூடுதல் காசு தர வேண்டாம். வியர்வைக்கும் தூறலுக்கும் ஐ.பி.எக்ஸ்.4 என்ற நீர்த்தெளிப்பைத் தாங்கும் தரக் குறியீடு போதும்.

ஆன்லைனில் வாங்குவதானால் விற்பவர் பெயரைப் பாருங்கள். ஒரே தளத்தில், ஒரே படத்தின் கீழ், தயாரிப்பாளரும் விற்பார், முகமறியாத இடைத்தரகரும் விற்பார். விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று இரண்டாமவரிடம் போனால் போலி வரலாம். யாரோ காதில் மாட்டித் திருப்பி அனுப்பியதைத் துடைத்து மறுபடி பெட்டியில் போட்டதும் வரலாம். போலிகளில் சீரியல் எண் கூட நகலெடுத்ததாக இருக்கும். பெட்டி வந்ததும் நிறுவனத்தின் சொந்தச் செயலியில் இணைத்துப் பாருங்கள். போலிகள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ‘இதுதான் இந்த வருடத்தின் சிறந்தது’ என்று காணொளியில் சொல்பவர் கீழேயே வாங்கும் இணைப்பும் கொடுத்திருந்தால், அதில் நீங்கள் வாங்கினால் அவருக்குக் கமிஷன் கிடைக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒயர் வைத்த, காதுக்குள் ஆழமாக இறங்கும் இன்-இயர் வகை. இதில் ஏ.என்.சி. கிடையாது. ஆனால் நன்றாகப் பொருந்தினால் பேச்சையும் கிறீச்சொலியையும் பல ஏ.என்.சி. பட்ஸைவிட நன்றாகவே தடுக்கும். பேட்டரி இல்லை, அதனால் இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி செத்துக் குப்பைக்குப் போகவும் போகாது. பட்ஸின் பேட்டரியை மாற்ற முடியாதபடி ஒட்டி விற்கிறார்களே, அதைப் பலரும் கேட்பதே இல்லை. ஒயர் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் வரும். ஒயரைக் காது மடலுக்குப் பின்னால் சுற்றிப் போட்டால் பெருமளவு குறையும். போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் டைப்-சி அடாப்டர் வேண்டும். அதிலும் இரண்டு வகை. உள்ளே டி.ஏ.சி. என்ற ஒலி மாற்றி இருப்பது ஒன்று. வெறும் கம்பி இணைப்பு மட்டும் இருப்பது இன்னொன்று. இரண்டாவது வகை பல போன்களில் வேலையே செய்யாது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ‘டி.ஏ.சி. உள்ளதா?’ என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பயணத்தின் பாதியை உட்கார்ந்து கழிப்பவர் என்றால் இது நல்ல தேர்வு. கூட்டத்தில் நின்றுகொண்டே போகிறவருக்கு ஒயர் யார் பையிலாவது மாட்டும், அவர் ஏ.என்.சி. பட்ஸே வாங்கட்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. இந்த வாரம் இருக்கிற பட்ஸிலேயே டிப்பை மாற்றிப் பாருங்கள். வால்யூமைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்திக் கேட்க முடிகிறது என்றால் புதிது தேவையே இல்லை. முடியாவிட்டால், நடுத்தர விலையில், மூன்று அளவுக்குக் குறையாமல் டிப் தரும் ஏ.என்.சி. பட்ஸ் ஒன்றை, திருப்பித் தர அனுமதிக்கும் இடத்தில் வாங்குங்கள். பெட்டியைப் பிரித்துவிட்டால் சுகாதாரக் காரணம் காட்டித் திரும்ப எடுக்க மறுப்பவர்கள் உண்டு. அதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். வாங்கிய மறுநாளே பேருந்திலும் ரயிலிலும் போட்டுப் பாருங்கள், வீட்டு அமைதியில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். ஜன்னலோரம் காற்று மைக்கில் அடித்து இரைந்தால் ஏ.என்.சி.யை அணைத்துவிடுங்கள். சாலையைக் கடக்கும்போது ஒன்றையாவது கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காதில் கேட்கும் அந்த ‘ஙொய்’ மறுநாளும் நிற்காவிட்டால் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்புத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.